சம்பந்தியா, பங்காளியா?

போன வருஷம் மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் எங்கள் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பெண் பார்க்க என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். பையனும் இவளும் வாஷியில் ஒரே ஆபீஸ். பார்க்க வேண்டியதை எல்லாம் அவர்களே பார்த்து, பேச வேண்டியதை எல்லாம் அவர்களே பேசி முடித்தாயிற்று. எங்கள் தலையை ஆட்ட வைப்பது ஒன்றுதான் பாக்கி.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்ட பிறகுதான் காலையே உள்ளே வைப்பேன். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகும் மோந்து பார்ப்பேன். யாராவது என் சமையலைப் புகழ்ந்தால், இவளுக்கு என்ன காரியம் ஆகவேண்டுமோ என்றுதான் முதலில் தோன்றும். என் வீட்டுக்காரர் தாராவியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். யார் எதைச் சொன்னாலும் அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொள்கிற மனிதர். அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். சி.ஐ.டி.யாக இல்லாமல் இருந்திருந்தால் உடுத்தின சேலையையும் உருவிக்கொண்டு விட்டிருப்பார்கள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, இந்த மகள்தான். அதனால் என் சந்தேகம் மொத்தமும் அந்தப் பையன் மேல் போய் விழுந்தது. பையன் பார்க்க லட்சணம், பேச்சில் மரியாதை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே, எங்கேயோ இடிக்கிறதே என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அதிலும் அவன் தமிழ். என் மகள் பேசும் தமிழில் பாதி ஹிந்தி. அவனோ சுத்தமாகப் பேசினான். பிறந்தது மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டின மோரே என்ற ஊரில் என்றான். அந்தக் கோடியில் பிறந்தவனுக்கு இவ்வளவு தமிழ் எங்கிருந்து வந்தது?

"அங்க நெறைய நம்ம ஆளுங்க இருக்காங்கம்மா. கோயில்கூட இருக்கு. நெட்ல போட்டுப் பாரு" என்றாள் மகள்.

"நெட்ல போட்டது யாரு? அவனே போட்டிருப்பான்" என்றேன்.

அங்கே நிலைமை கெட்டுப்போனதால் அவன் அப்பா கடையைச் சாத்திவிட்டு, மனைவியோடு மகனிடம் வந்து வாஷியில் இருக்கிறாராம். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. கடையைச் சாத்திவிட்டு வருகிறவர்கள் எத்தனை காரணத்துக்காக வருவார்கள்!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்ததுமே கேட்டில் தகராறு. பையனின் அம்மாவுக்குப் பர்மாக்கார முகம். அவர் அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண்ணாம். அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கள் சொசைட்டி வாட்ச்மேன் ஆதார் கார்டைக் காட்டச் சொல்லிவிட்டான். இப்போது இந்த ஊரில் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்பது சாதாரணமாகிவிட்டது. பையன் கோபமாக ஏதோ சொல்ல, அந்த அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பையைத் திறந்து நிதானமாகக் கார்டை எடுத்துக் காட்டினார். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்மால் கேட்க முடியாததை அவன் கேட்கிறான், கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

மேலே வந்ததும் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சுகமா இருக்கீங்களா மதினி?" என்றார். எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். இன்னும் தட்டுகூட மாற்றவில்லை, அதற்குள் என்ன மதினி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காபி கொண்டு வருகிறேன் என்று கையை உருவிக்கொண்டேன்.

பேச்சை ஆரம்பித்தது என் வீட்டுக்காரரின் அண்ணன். அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். தாராவியில் இருக்கிறார். அவர் சரி என்று சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு காதுகுத்துக்கூட நடக்காது.

"ஒங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டார்.

"திருநெல்வேலிச் சீமைதான் அண்ணாச்சி" என்றார் பையனின் அப்பா. மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஊர் எது என்று கேட்டதும் ஒரு பேரைச் சொன்னார். அப்படி ஒரு ஊரை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பெரியத்தான் அதே மாதிரி ஒலிக்கிற நாலைந்து ஊர்களைச் சொல்லிப் பார்த்தார். இதுவா, அதுவா என்று கேட்கக் கேட்க அந்த மனிதரின் முகம் வாடியது.

"தெரியல அண்ணாச்சி. வாய்க்கு வாய் தேஞ்சு போச்சு. எங்க தாத்தா பர்மாவுக்குப் போனவரு. எங்க அப்பா அங்கயே பொறந்தாரு, நானும் அங்கதான். எனக்கு விவரம் தெரியாத வயசுல எங்கள எல்லாம் கப்பல்ல மெட்ராசுக்கு அனுப்பிட்டாங்க. அப்பா இந்த ஊரைத் தேடி அலைஞ்சிருக்காரு. அப்படி ஊரே இல்லன்னுட்டாங்க. சரி, பர்மாவுக்கே திரும்பிப் போயிருவோம்னு கிளம்பி, மணிப்பூர் மலை வழியா நடந்து போனா, எல்லையில மறிச்சுட்டாங்க. மறிச்ச எடத்துலயே இருந்துட்டோம்."

என் வீட்டுக்காரர் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கவில்லை. இல்லாத ஊர், இரண்டு தேசம், மலைப்பாதை, எதையுமே யாரும் போய் விசாரிக்க முடியாது. நல்ல வசதியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, சாத்தா எது? அதாவது தெரியுமா?" என்றார் பெரியத்தான்.

அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலே மாறிவிட்டது. "அது எப்படி அண்ணாச்சி மறக்கும்? மலைப்பாதையில ராத்திரி தங்குன எடத்துல எல்லாம் அப்பா எங்களை உக்கார வச்சு, 'சாத்தா பேரைச் சொல்லு'ம்பாரு. சொன்னாத்தான் குடிக்கத் தண்ணி. ஊரு போனாலும் இது போகக்கூடாதும்பாரு." அப்படிச் சொல்லிவிட்டுச் சாஸ்தாவின் பேரைச் சொன்னார். முழுப் பேர், முன்னால் வருகிற அடைமொழியோடு.

அது எங்கள் சாஸ்தாவின் பேர்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு, பேச்சில் சாத்தா என்போம். குலதெய்வம் அவர்தான். பங்குனி உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் அந்தக் கோயிலுக்குப் போவோம், முடியாவிட்டால் வீட்டில் படைப்போம். எங்கள் ஆட்களில் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும், முன்னப்பின்னே பார்த்ததே இல்லை என்றாலும், அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி முறை. கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பேரையும் கோயிலையும் ஊரையும் நான் இங்கே எழுதவில்லை, எழுதினால் எங்களை யார் என்று தெரிந்துபோகும்.

அவருக்கு இந்த முறை எதுவும் தெரிந்திருக்கவில்லை. சொல்லிவிட்டு, நம்ம ஆளுதான் என்று நாங்கள் சந்தோஷப்படப் போகிறோம் என்று எங்கள் முகங்களைச் சிரித்தபடி மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நீரு எங்க பங்காளில்லா!" என்றார் பெரியத்தான். விஷயத்தை அவர்தான் விளக்கினார். பையன் குறுக்கே ஏதோ சொல்ல வர, "நீ சும்மா இருடே" என்று அடக்கிவிட்டார்.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா அண்ணாச்சி?" என்று கேட்டார் அந்த மனிதர். வைத்த பஜ்ஜி தட்டில் அப்படியே இருக்க அவர்கள் எழுந்து போனார்கள்.

கதவைச் சாத்தியதும் மகளைப் பிடித்துக்கொண்டேன். "நீதான சாத்தா பேரைச் சொல்லிக் குடுத்த? அவுகளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சுட்டாக."

"கசம் ஸே அம்மா, சத்தியமா நான் சொல்லல. அந்தப் பேரு எனக்கே முழுசா வராது!" அது உண்மைதான். சின்ன வயதில் இரண்டு தடவை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், இரண்டு தடவையும் வேனில் வாந்தி எடுத்ததுதான் அவளுக்கு ஞாபகம். ஆனாலும் நான் விடவில்லை. இவள் சொல்லாவிட்டால் நெட்டில் பார்த்திருப்பார்கள், தாராவியில் யாரிடமாவது விசாரித்திருப்பார்கள்.

பெரியத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "பொய்யின்னா, பொண்ணு கேட்டு வந்த எடத்துலயே பொய் சொல்லுத குடும்பம் நமக்கு வேண்டாம். மெய்யின்னா, அண்ணன் தங்கச்சி முறை. எப்படிப் பாத்தாலும் ஆகாதும்மா."

மகள் எங்களோடு சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் சண்டை போடவில்லை. ஆபீஸ் போனாள், வந்தாள், போட்டதைக் கொறித்தாள். ஒருநாள் நான் சப்பாத்தி இட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "நான் ஓடிப்போயெல்லாம் கல்யாணம் பண்ண மாட்டேம்மா. பயப்படாதீங்க. ஆனா வேற யாரையும் பாக்கச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு, நான் இட்ட சப்பாத்தியை எடுத்துத் தோசைக்கல்லில் போட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். அந்த மனிதர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். பொய் என்றால் நாலு ஏச்சு ஏசிவிட்டு மன்னிக்கலாம், பெரியத்தானையும் எப்படியாவது கரைக்கலாம். மெய் என்றால் யாரிடம் போய்ப் பேசுவது? பிறரைப் பொய்யர் என்று நினைத்தே பழகியவள் நான். ஒருவர் பொய்யராக இருக்கக் கூடாதா என்று ஏங்கியது அப்போதுதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி தோன்றியது. பங்குனி உத்திரம் வந்துகொண்டிருந்தது. உண்மையிலேயே சாஸ்தா கும்பிடுகிற வீடு என்றால் விடியுமுன் குளித்து விளக்கேற்றியிருப்பார்கள். ஒப்பித்துவிட்டுப் போனவர்கள் என்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். உத்திரத்தன்று எங்கள் வீட்டில் செய்ய வேண்டியதை இருட்டோடு செய்து முடித்தேன். எங்க வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாட்டுங்காவுக்குப் பூ வாங்கப் போகிறேன் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு, செம்பூர் ஸ்டேஷனில் வாஷி வண்டியைப் பிடித்தேன். கடல்பாலத்தில் வண்டி போகும்போது கிழக்கே லேசாக வெளுத்தது. சாமி, அந்த வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

நாலாவது மாடி. லிப்டை விட்டு வெளியே வந்தேன். அவர்கள் வீட்டு சேஃப்டி டோருக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தரையில் ஒரு சின்ன வாழையிலை கவிழ்த்து வைத்திருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன்.

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தாவுக்குப் படைப்பதற்கு முன்னால், எங்கள் வம்சத்தில் வாசலுக்கு வெளியே ஒரு பிடி சோறு வைப்போம். உப்புப் போடாத சோறு, மேலே ஒரு துண்டு கருப்பட்டி, அதன் மேல் இலையைக் கவிழ்த்து மூடிவிடுவோம். என்றைக்கோ ஒரு காலத்தில் எங்கள் வம்சத்துப் பெண்பிள்ளை ஒருத்தி பசியோடு வாசலில் வந்து நின்று, யாரும் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டாளாம். எந்த வீட்டு உப்பையும் தின்னமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதனால் உப்பில்லை. இதை மாமியார் மருமகளுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுப்பாள். ஆண்களுக்குச் சொல்லக்கூடாது. பெற்ற மகளுக்கும் சொல்லக்கூடாது, அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். இத்தனை வருஷமாக நான் செய்கிறேன், என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அன்று காலை செம்பூரிலும் நான் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஆக, என் மகள் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அவளுக்கே தெரியாது. நெட்டில் இருக்காது. தாராவியில் எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் கிடைக்காது.

கவிழ்த்த இலையின் நுனி ஒரு பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. எந்தப் பக்கம் என்று நான் எழுதமாட்டேன். லிப்ட் பக்கமிருந்து அடித்த காற்றில் அந்த இலை லேசாகத் திரும்பியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. குனிந்து நுனியைப் பிடித்துச் சரியாகத் திருப்பி வைத்தேன்.

நிமிர்ந்தால் சேஃப்டி டோர் கம்பிக்குப் பின்னால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தது. நான் செய்ததை முழுவதும் பார்த்துவிட்டார். இலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அக்கா" என்றார்.

மதினி போய்விட்டது. பங்காளி வீட்டு மருமகள்கள் ஒருவருக்கொருவர் ஓரகத்திகள். மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"யாரு சொல்லித் தந்தா?" என்று கேட்டேன்.

"மாமி. கல்யாணம் ஆன வருஷம். நான் வேற ஆளு, எனக்குச் சொல்லமாட்டாங்கன்னு இருந்தேன். கூப்பிட்டுச் சொன்னாங்க. யாருக்கும் சொல்லாதேன்னாங்க."

எங்கள் கேட்டில் நிறுத்தி நீ யார் என்று கேட்கப்பட்ட பெண். அவர் முகத்தைப் பார்த்து இவள் எங்கே நம்ம ஆள் என்று நானும் நினைத்தேன். அவர்தான் வருஷம் தவறாமல் எங்கள் வம்சத்துப் பெண்ணுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னையும் எங்கிருந்தோ கொண்டு வந்துதானே அந்த வீட்டில் நட்டார்கள்? எனக்கு வெட்கமாக இருந்தது. மெய் என்று தெரிந்துவிட்டது, என் மகளின் கல்யாணம் அதோடு முடிந்தது என்று நினைத்தபடி உள்ளே போனேன்.

கூடத்தில் பலகை போட்டு, செம்பில் தண்ணீர் வைத்து, அதன் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பையனின் அப்பா ஈர வேட்டியோடு, உடம்பெல்லாம் திருநீறோடு நின்றார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், விளக்கு எனக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. நானே அண்ணாச்சியப் பாத்துச் சொல்லணும்னு இருந்தேன், முகத்துல முழிக்க வெட்கமா இருந்துச்சு" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்க சாத்தா பேரை வெளிய விசாரிச்சு வச்சிருந்தேன். அதையே சொன்னா நம்ம ஆளுன்னு சேத்துக்குவீங்கன்னு நினைச்சேன். எங்களுக்குக் குலதெய்வம்னு எதுவும் தெரியாது. பிள்ளைங்க கல்யாணத்துக்கு அது தடையில்ல."

சி.ஐ.டி. புத்தி எங்கே போகும்? "அப்போ அந்த மலைப்பாதை? பேரைச் சொன்னாத்தான் தண்ணின்னு உங்க அப்பா சொன்னது?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுவும் நானாச் சொன்னதுதான்" என்றார். விளக்குப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. மறுவீடு போகும் முன் என் அப்பா திருநீறு பூசிவிட்டு, இனிமேல் அந்த வீட்டுச் சாத்தாதான் உனக்கு, நம்ம சாத்தாவை நினைச்சு ஏங்காதே என்றார். பெண்களாகப் பிறந்த எல்லோரும் ஒரு நாளில் சாமியை மாற்றிக்கொள்கிறோம், அதற்காக யாரும் அழுவதில்லை. ஆனால் நான் விட்டு வந்த இடத்தில் விளக்கேற்ற என் அண்ணன் இருக்கிறான். இந்த மனிதருக்கு ஊர் இல்லை, தேசம் இரண்டும் இல்லை என்றாகி, கையில் மிஞ்சியது ஒரு பேர். அதையும் மகனுக்காகத் தன் வாயாலேயே பொய்யாக்குகிறார், அதுவும் அந்த விளக்கின் முன்னால் நின்றுகொண்டு. எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது.

"தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாசலுக்கு வந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நான் வாரேன், மதினி" என்றேன். மதினி என்பதை அழுத்திச் சொன்னேன். அவர் என் கையை விட வெகுநேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலமே தாராவிக்குப் போய்ப் பெரியத்தானிடம் சொன்னேன். நானே நேரில் போய்க் குடைந்து கேட்டுவிட்டேன், சொன்னது சுத்தப் பொய், பாவம் அவர்களுக்குச் சாஸ்தாவே தெரியாது, ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் உளறிவிட்டார் என்றேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான, சவத்த மூதி" என்று கொஞ்ச நேரம் ஏசினார். பிறகு அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. "சாத்தா தெரியாதவுகளுக்குத் திருச்செந்தூர் முருகன் இருக்காருல்லா. அவரையே வச்சுக்கிடட்டும். நல்லா விசாரிச்சியாம்மா?" என்றார்.

"விசாரிச்சேன் பெரியத்தான்."

"அப்போ சரி. ஒன் கண்ணுக்குத் தப்பி ஒரு பொய்யி போயிருமா!"

இத்தனை வருஷம் நான் சம்பாதித்து வைத்த கெட்ட பேர் அன்றைக்கு எனக்கு உதவியது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் இன்னும் நாலு இடத்தில் விசாரித்திருப்பார்.

ஆவணியில் செம்பூரிலேயே கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திருச்செந்தூர் முருகன் துணை என்று போட்டார்கள். சம்பந்திதான் புரூஃப் பார்த்தார். அந்த வரியில் இருந்த ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தார் என்று பிரஸ்காரர் சொன்னார்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. மகளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் சாமிகுத்தமோ என்றுதான் தோன்றும். நான் அறிந்துதானே செய்தேன், எதுவானாலும் என் தலையில் போடு, பிள்ளைகள் மேல் வைக்காதே என்று சாஸ்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கேட்டாரா இல்லையா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இந்த வருஷம் பங்குனி உத்திரத்தன்று காலையில் மகள் போன் செய்தாள். குரலில் ஒரே குதூகலம். "அம்மா, இங்க இவங்க வீட்ல ஒரு ரிச்சுவல் இருக்கு. மம்மி இன்னிக்குத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. பர்மாலேர்ந்து வந்ததுபோல இருக்கு, நம்ம வீட்லல்லாம் இப்படி ஒண்ணு கிடையாதே. ஆனா யாருக்கும் சொல்லக் கூடாதாம், உங்களுக்குக்கூட."

"சொல்லாத" என்றேன். "எங்கிட்டயும் சொல்லாத தாயி." போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு மகன் இல்லை. என் வீட்டில் அந்த இலை என்னோடு போய்விடும் என்று நினைத்திருந்தவள் நான்.

இதை எழுதும் தைரியம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்க வீட்டுக்காரருக்குப் பத்திரிகை படிக்கப் பொறுமை கிடையாது. பெரியத்தானுக்குக் கண் மங்கிவிட்டது. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் போனை விட்டால் வேறு உலகம் இல்லை. ஆனால் சம்பந்தி படிப்பார். வாராவாரம் வாஷியில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, மாட்டுங்கா வரைக்கும் வந்து தமிழ்ப் பத்திரிகைகளை வாங்கிப்போய் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர் அவர். வாசிக்கட்டும். யாரையும் நம்பாத இந்தக் குணத்தை நினைத்து வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்: அண்ணே, அன்றைக்கு அந்த விளக்கை மறைத்துக்கொண்டு நின்று நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை.